மணிக்கம்பி தின்ற வேகம்

லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில் 2011-ல் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில் ஐந்து போன் சாக்கெட்டுகள் இருந்தன. வாசல் நடையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் இரண்டு படுக்கையறைகளிலும் ஒவ்வொன்று. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு போன். 1930-களில் கட்டிய வீடு. சுவரோரமாக ஒரு வெள்ளை வயர் ஓடி, கதவுச் சட்டத்தில் ஏறி இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் மறைந்து, மாடிப்படி ஓரத்தில் மறுபடியும் தலைகாட்டும்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "இதெல்லாம் யார் போட்டது அங்கிள்?" என்று கேட்டேன். "உந்த வயரெல்லாம் நான்தான் இழுத்தனான் தம்பி. தொண்ணூறுகளில கடைக்கு ஒரு ஃபாக்ஸ், மேல மாமிக்கு ஒரு போன். இண்டைக்கு வரைக்கும் ஒரு கரைச்சலும் தந்ததில்லை" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சொன்னதில் பொய் இல்லை. போன் பேசுகிறவருக்கு அந்த வயர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கூடத்துச் சாக்கெட்டில் ரூட்டரைச் செருகினால் வேகம் நொடிக்கு 4.1 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ராத்திரி ஒன்பது மணி ஆனால் அதுவும் அறுந்து அறுந்து வரும். இணையக் கம்பெனிக்கு நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் ஒரே பதில்: "லைன் நன்றாகத்தான் இருக்கிறது." எரிச்சலாக இருந்தது. பிற்பாடு பார்த்தால் அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. அவர்களுடைய லைன் நன்றாகத்தான் இருந்தது. கெட்டது எங்கள் வீட்டுச் சுவருக்குள் வந்த பிறகு.

வாசல் நடையில் இருந்த முதல் சாக்கெட்டின் கீழ்ப்பாதியில் இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவற்றைக் கழற்றி அந்தப் பாதித் தட்டை இழுத்தேன். உள்ளே, வலது பக்கத்தில், இன்னொரு சாக்கெட் ஒளிந்திருந்தது. ரூட்டரை அதில் செருகிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். 7.4 மெகாபிட். கம்பெனி மாறவில்லை, ரூட்டர் மாறவில்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு அங்குலம்கூடப் பக்கத்தில் வரவில்லை. இரண்டு ஸ்க்ரூதான் கழன்றது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள, அந்த வயருக்கு முதலில் என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மனிதக் குரலில் போன் கொண்டுபோவது ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும்தான். அந்த அதிர்வெண்ணில் கம்பிக்குக் கூச்சநாச்சம் கிடையாது. முறுக்கு இல்லாத வயரா, துருப்பிடித்த இணைப்பா, எங்கேயோ போய் முடியும் வால் வயரா, எல்லாவற்றிலும் குரல் போய்விடும். ஏ.டி.எஸ்.எல். பிராட்பேண்ட் அதே கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதன் அடுத்த வடிவமான ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஃபைபர் வந்து அங்கிருந்து செம்பில் வருகிற வி.டி.எஸ்.எல். 2, பிரிட்டனில் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது குரலின் உச்சத்தைப் போல ஐயாயிரம் மடங்கு. மாட்டு வண்டிக்குப் போட்ட பாதையில் ரயிலை விட்டது போலத்தான். பாதை போட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பிரிட்டிஷ் வீடுகளுக்கு இதில் கூடுதலாக ஒரு வினை உண்டு. அதன் பெயர் மணிக்கம்பி.

1981-ல் பிரிட்டிஷ் டெலிகாம் தபால் துறையிலிருந்து பிரிந்தது. அதுவரை போன் என்பது சுவரோடு சேர்த்து வயர் பூட்டிய, இலாகாவுக்குச் சொந்தமான சாமான். அதே ஆண்டு பிளக், சாக்கெட் முறை வந்தது. கடையில் போன் வாங்கி நாமே செருகிக்கொள்ளலாம், ஒரு வீட்டில் நாலைந்து சாக்கெட் வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் ஒரு சிக்கல். அப்போது பெரும்பாலும் சுழற்றும் டயல் போன். ஏழாம் எண்ணைச் சுழற்றினால் லைன் ஏழு முறை அறுந்து ஒட்டும். ஒவ்வொரு முறையும் மாடியில் இருக்கும் இன்னொரு போனின் மணி "டிங்" என்று லேசாகச் சிணுங்கும். கீழே ஒருவர் நம்பர் போட்டால் மேலே தூங்குகிறவர் எழுந்துவிடுவார். இதைத் தவிர்க்க, மணிக்கென்று தனியாக மூன்றாவது கம்பி ஒன்றை விட்டார்கள். முதல் சாக்கெட்டான மாஸ்டர் சாக்கெட்டில் 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கும். அழைப்பு வரும்போது வருகிற 25 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது பிரித்து இந்த மூன்றாம் கம்பியில் அனுப்பும். வீட்டிலுள்ள எல்லா மணிகளும் அந்தக் கம்பியில் தொங்கும். நம்பர் சுழற்றும் போன் மற்ற மணிகளை வாயடைத்து வைக்கவும் அதே கம்பி வழி. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், 1981-க்கு.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த மின்தேக்கி 25 ஹெர்ட்ஸில் சுமார் 3500 ஓம் தடை காட்டும். அதிர்வெண் ஏற ஏறத் தடை குறையும். ஒரு மெகாஹெர்ட்ஸில், ஏட்டுக் கணக்குப்படி, பத்தில் ஒரு ஓம்கூட இல்லை. அதாவது பிராட்பேண்டின் கண்ணுக்கு அங்கே மின்தேக்கியே இல்லை. லைனின் இரண்டு கம்பிகளில் ஒன்றோடு மட்டும், வீடு முழுக்கச் சுற்றிவரும் ஒரு நீண்ட கம்பியை நேராக முடிச்சுப் போட்டது போல ஆகிவிடுகிறது.

போன் லைனில் இரண்டு கம்பிகளை முறுக்கி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். ரூட்டர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிக்கும். சமமாக ஏறியது வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் அசையாது அல்லவா, அதேதான். மணிக்கம்பி என்ன செய்கிறதென்றால், ஒரு தட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு முறத்தைக் கட்டிவிடுகிறது. முறத்தில் விழுகிற தூசியும் அந்தத் தட்டின் கணக்கில் சேரும். முள் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வுதான் இரைச்சல்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஏன் மோசமாகும் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. மீடியம் வேவ் வானொலியின் அலைவரிசை சுமார் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. ஏ.டி.எஸ்.எல். நடமாடும் அதே தெரு. பகலில் வானின் கீழடுக்கு ஒன்று இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு கலைந்துவிடும், தூரத்து நிலையங்கள் மேலே பட்டுத் தெறித்து வந்து விழும். சின்ன வயதில் ராத்திரி ரேடியோ முள்ளைத் திருகி, ஊர் பேர் தெரியாத பாஷைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. நாம் ஆண்டெனா வைத்துப் பிடித்ததை இங்கே மணிக்கம்பி, கேட்காமலே பிடித்துத் தருகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிராட்பேண்ட் அந்த அகலமான அதிர்வெண் பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஏ.டி.எஸ்.எல்.லில் 256 பாத்தி, 2 பிளஸ்ஸில் 512. சுத்தமான பாத்தியில் நிறைய பிட் நடும், இரைச்சல் உள்ளதில் குறைவாக நடும், மோசமானதைத் தரிசாக விட்டுவிடும். சில ரூட்டர்கள் இதைப் படமாகக் காட்டும். என் பழைய ரூட்டரில் 161-ஆம் பாத்தியிலும் 211-ஆம் பாத்தியிலும் பல் விழுந்தது போல் பள்ளம். கணக்குப் போட்டால் 693 கிலோஹெர்ட்ஸ், 909 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் பி.பி.சி. ரேடியோ 5 லைவ் ஒலிபரப்பிய அலைவரிசைகள். கால்பந்து வர்ணனை என் டவுன்லோடைத் தின்றுகொண்டிருந்தது. நான் கால்பந்து பார்க்கிறவன்கூட இல்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதலில் வைஃபையைச் சந்தேகப்பட்டியலிலிருந்து நீக்குங்கள். "நெட் மெதுவாக இருக்கிறது" என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் இருக்கும் காற்றில்தான். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.1.254 போன்ற முகவரி ரூட்டரின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அங்கே மூன்று எண்கள் போதும்: டவுன்ஸ்ட்ரீம் இணைப்பு வேகம், இரைச்சல் விளிம்பு (நாய்ஸ் மார்ஜின்), தேய்மானம் (அட்டென்யுவேஷன்). இணைப்பு வேகம் நன்றாக இருந்து, செல்போனில் போட்டுப் பார்க்கும் வேகச் சோதனை மட்டும் மோசமாக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

தேய்மானம் என்பது சிக்னல் வழியில் எவ்வளவு இளைத்துப் போனது என்பது. ஏ.டி.எஸ்.எல்.லில் அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபல் என்பது வழக்கமான கணக்கு. எனக்கு 41 காட்டியது. ஆக எக்ஸ்சேஞ்ச் கம்பி வழியே சுமார் மூன்று கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு 7, 8 மெகாபிட் வரலாம். 4.1 என்பது குறைவு. இந்த ஒப்பீடு முக்கியம். சிலருக்குத் தேய்மானம் 60-க்கு மேல் இருக்கும். அவர்கள் சாக்கெட்டைப் பொன்னால் செய்து மாட்டினாலும் 20 மெகாபிட் வராது. தூரம் தின்றதை யாராலும் திருப்பித் தர முடியாது. வீட்டு வயர் தின்றதை மட்டும்தான் மீட்கலாம்.

இரைச்சல் விளிம்பு என்பது இரைச்சல் கூடினால் தாங்குவதற்கு ரூட்டர் கையில் வைத்திருக்கும் உபரி. பிரிட்டனில் வழக்கமாக 6 டெசிபலில் தொடங்கும். லைன் அடிக்கடி அறுந்தால் எக்ஸ்சேஞ்ச் பக்கமுள்ள கணினி தானாகவே இந்த உபரியை 9, 12, 15 என்று ஏற்றிவிடும். உபரி கூடினால் வேகம் குறையும். எவ்வளவு? 3 டெசிபலுக்கு ஒரு பாத்தியில் ஏறக்குறைய ஒரு பிட். ஒரு பாத்தி நொடிக்கு 4000 முறை அறுவடை தரும். 300 பாத்தி வேலை செய்யும் லைனில் 3 டெசிபல் போனால் 300 பெருக்கல் 4000, அதாவது 1.2 மெகாபிட் போச்சு. வி.டி.எஸ்.எல்.லில் டவுன்லோடுக்கான பாத்திகளே இரண்டாயிரத்துக்கு மேல், அதனால் அதே 3 டெசிபல் அங்கே 8 மெகாபிட்டுக்குச் சமம். மணிக்கம்பி 6, 8 டெசிபல் தின்றால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை நான் மேலே சொன்னதுதான். மாஸ்டர் சாக்கெட்டின் கீழ்ப்பாதியைக் கழற்றினால் வீட்டு வயர் முழுவதும் லைனிலிருந்து கழன்றுவிடும். உள்ளே இருக்கும் சோதனைச் சாக்கெட்டில் நீங்களும் வெளிக்கம்பியும் மட்டும். 2016 வாக்கில் வரத் தொடங்கிய புது வகைச் சாக்கெட்டில் ஸ்க்ரூவும் இல்லை, இரண்டு பக்கமும் அழுத்தினால் முகப்புத் தட்டு கையோடு வந்துவிடும். அதே ரூட்டர், அதே வயர், குரலையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் அதே மைக்ரோஃபில்டர் இருக்கட்டும். இதில் ஒன்றை மாற்றினாலும் எதனால் மாறியது என்று தெரியாமல் போகும். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை என்று எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். ஆனால் ஆர்வக்கோளாறில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரூட்டரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். லைன் தள்ளாடுகிறது என்று எதிர்ப்பக்கக் கணினி முடிவுகட்டி விளிம்பை ஏற்றிவிடும். என் இரண்டாவது வாரம் அப்படித்தான் வீணானது.

சோதனைச் சாக்கெட்டில் வேகம் கூடினால் குற்றவாளி வீட்டுக்குள். கூடவில்லை என்றால் வெளியே. மாஸ்டர் சாக்கெட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஓப்பன்ரீச்சின் பொறுப்பு. 2006-ல் பிரிட்டிஷ் டெலிகாமின் (பி.டி.) கம்பி வலையமைப்பைக் கவனிக்கத் தனியாக அமைத்த பிரிவு அது. இந்தப் பக்கம் நம் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு காசு சம்பந்தப்பட்டது. ஆளை வரவழைத்த பிறகு தவறு நம் வயரில்தான் என்று தெரிந்தால் கட்டணம் நம் தலையில் விழக்கூடும். அதனால்தான் ஸ்க்ரூடிரைவரை முதலில் எடுக்கச் சொல்கிறேன், போனை அப்புறம்.

கழற்றிய முகப்புத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். எண் போட்ட சின்னக் கவ்விகள் இருக்கும். ஒழுங்கான வயராக இருந்தால் 2-இல் வெள்ளை வளையம் போட்ட நீலம், 5-இல் நீல வளையம் போட்ட வெள்ளை. இந்த இரண்டும்தான் லைன். 3-இல் வெள்ளை வளையம் போட்ட ஆரஞ்சு இருந்தால் அதுதான் நம் ஆள், மணிக்கம்பி. எங்கள் வீட்டில் நிறமெல்லாம் தாறுமாறு. அங்கிள் பயன்படுத்தியது போன் வயரே அல்ல, திருட்டு அலாரத்துக்குப் போடுகிற வயர். அதில் முறுக்கே கிடையாது. பிரிட்டனில் வீட்டுக்குள் போடும் போன் வயருக்கு சி.டபிள்யூ 1308 என்று ஒரு தரநிர்ணயம் உண்டு, அதில் ஜோடிகள் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கில்லாத வயரில் மணிக்கம்பி வேறு சேர்ந்தால் பேய்க்குக் கள் ஊற்றிய கதை.

3-இல் இருந்த கம்பியை இழுத்து எடுத்து, செம்பு வேறெதிலும் படாமல் மடித்து விட்டேன். அவ்வளவுதான் வைத்தியம். இப்போதைய போன்கள் மணிக்கம்பி இல்லாமலே அடிக்கும், ஏனென்றால் பெரும்பாலான மைக்ரோஃபில்டர்களுக்குள் ஒரு குட்டி மின்தேக்கி இருந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வயரைத் தொட விருப்பமில்லாதவர்களுக்காக 2008 வாக்கில் பி.டி. ஐ-பிளேட் என்றொரு துண்டை விற்றது. மாஸ்டர் சாக்கெட்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் அதைச் செருகினால் உயர் அதிர்வெண் மணிக்கம்பிக்குள் போகாமல் அது தடுக்கும். இதைவிட நல்லது வடிகட்டி உள்ளேயே கட்டிய முகப்புத் தட்டு. பிராட்பேண்டை வாசலிலேயே பிரித்து ரூட்டருக்குக் கொடுத்துவிட்டு, மீதிக் குரலை மட்டும் வீட்டு வயருக்கு அனுப்பும். பிறகு வீட்டு வயர் எப்படிக் கிடந்தால் என்ன? என்னைக் கேட்டால் வாடகைக்கு இருப்பவருக்குச் சரியான தீர்வு அதுதான். காலி செய்யும்போது இரண்டு ஸ்க்ரூவில் பழைய தட்டை மாட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. போன் லைனில் எப்போதும் சுமார் 50 வோல்ட் இருக்கும், அது உறைக்காது. ஆனால் கவ்வியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் மாறுமின்சாரம் அதன்மேல் ஏறி வரும். சுருக்கென்று இழுக்கும். முகப்புத் தட்டைக் கழற்றித் தனியாக எடுத்த பிறகே அதன் வயர்களில் கை வையுங்கள். ஒளிந்திருக்கும் பின்பகுதியைத் தொடாதீர்கள், அது நம்முடையது அல்ல. அப்புறம், கவ்வியில் கம்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தி இறக்கினால் கவ்வி விரிந்து பிடி தளர்ந்துவிடும். அதற்கென்று மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

எங்கள் தெருவுக்கு வி.டி.எஸ்.எல். வந்தபோது இன்னொரு பாடம். ரூட்டரை மாடிக்கு மாற்றலாமே என்று அங்குள்ள சாக்கெட்டில் செருகினேன். கீழே 61 மெகாபிட் வந்தது மேலே 47 ஆனது. மணிக்கம்பிதான் எடுத்தாகிவிட்டதே?

இந்த முறை குற்றவாளி வால் வயர். யாரும் பயன்படுத்தாத சமையலறைச் சாக்கெட் வரை ஓடி முடியும் வயர் இருக்கிறதே, சிக்னலுக்கு அது முட்டுச்சந்து. உள்ளே போன அலை சுவரில் முட்டித் திரும்பி வரும். வயரின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வருகிற அலை புதிதாக வருகிற அலைக்கு நேர் எதிராக நின்று அதை அடித்துவிடும். வயரில் சிக்னல் நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் போகிறது என்று வைத்தால், 10 மீட்டர் வால் 5 மெகாஹெர்ட்ஸை அடிக்கும். பழைய ஏ.டி.எஸ்.எல்.லின் உச்சமான 1.1 மெகாஹெர்ட்ஸை அடிக்க 45 மீட்டர் வால் வேண்டும். அவ்வளவு நீளம் வீட்டுக்குள் அபூர்வம், அதனால் அந்தக் காலத்தில் வாலை யாரும் கண்டுகொள்ளவில்லை. வி.டி.எஸ்.எல்.லின் உச்சிக்கு மூன்று மீட்டரே போதும். பத்து வருடம் சாதுவாகக் கிடந்த சாக்கெட், பிராட்பேண்ட் வேகமானதும் கெட்டவனாகிவிட்டது. வேலையில்லாத வால்களையெல்லாம் மாஸ்டர் சாக்கெட்டிலேயே துண்டித்து, மாடிக்கு ஈத்தர்நெட் கேபிள் இழுத்தேன். அது ஈத்தர்நெட்டின் வேலை, போன் வயரின் வேலை அல்ல.

வெளியே இருக்கும் பிழைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வயர் போனை சோதனைச் சாக்கெட்டில் செருகி 17070 அழைத்து இரண்டாம் தேர்வை அழுத்தினால், லைனை மௌனமாக வைத்துக் கேட்க விடுவார்கள். கார்ட்லெஸ் போன் வேண்டாம், அதற்கே சொந்த இரைச்சல் உண்டு. கரகரப்பு கேட்டால் எங்கோ இணைப்பில் துரு. மழைக்குப் பிறகு கூடினால் தெருவிலோ கம்பத்திலோ ஈரம் இறங்குகிறது. போன் அடித்த நொடியில் இணையம் அறுந்தால் ஒன்று ஃபில்டர் இல்லாத போனோ அலாரமோ லைனில் இருக்கிறது, அல்லது ஒரு இணைப்பு அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கரகரப்பு கேட்டால், "பிராட்பேண்ட் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லாமல் "போனில் இரைச்சல்" என்று புகார் கொடுங்கள். மெதுவாக இருக்கிறது என்றால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். இரைச்சல் என்றால் ஆளை அனுப்புவார்கள். பிரிட்டனில் சில தெருக்களில் கம்பியே செம்பு அல்ல. செம்பு விலை ஏறிய 1960-களின் கடைசியிலும் 70-களிலும் அலுமினியம் போட்டார்கள். அப்படிப்பட்ட தெருவில் குடியிருப்பவர் பொறுத்துக்கொள்வதைத் தவிர செய்வதற்கு அதிகமில்லை.

சில சமயம் குற்றவாளி வயரே இல்லை. வேல்ஸில் அபெர்ஹோசன் என்றொரு கிராமம். அங்கே 18 மாதம், தினமும் காலை ஏழு மணிக்கு ஊருக்கே பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் 2020-ல் ஓப்பன்ரீச் பொறியாளர்கள் அலை அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை மழையில் ஊரைச் சுற்றியபோது, ஒரு வீட்டுப் பழைய டி.வி.யில் வந்து நின்றது. அந்த வீட்டில் ஏழு மணிக்கு டி.வி. போடுவது வழக்கம். போட்ட கணத்தில் அது கக்கிய மின்னிரைச்சல் ஊரையே முடக்கியிருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அவர்கள் டி.வி.யை அணைத்தார்கள், ஊரும் பிழைத்தது.

தமிழ்நாட்டில் மணிக்கம்பித் தொல்லை கிடையாது. அங்கே லைன் வந்து முடியும் ரோசெட் பெட்டிக்கு வருவது இரண்டே கம்பி, மணிக்கான மின்தேக்கி ஒவ்வொரு போனுக்குள்ளும் இருக்கிறது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தொடங்கியபோது வீடுகளில் வந்த வினை வேறு: மாடிக்கு இழுத்த பேரலல் லைன், கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, மொட்டை மாடி வெயிலில் தோல் வெடித்த வயர். மருந்து மட்டும் ஒன்றே. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, குரலையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் போட்டு, பேரலல் லைன்களை ஸ்பிளிட்டரின் போன் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். என் அப்பா வீட்டில் முதலில் நேர்மாறாகத்தான் இருந்தது.

இதெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் பழைய போன் லைன் விற்பதை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2027 ஜனவரியோடு பழைய போன் சேவையையே மூடுவதாகத் திட்டம். ஆனால் செம்பு வழி பிராட்பேண்ட் அன்றைக்கே போகாது. ஃபைபர் இன்னும் வராத வீடுகளில் டயல் டோன் இல்லாத அதே கம்பி பிராட்பேண்டை மட்டும் சுமக்கும். போன் ரூட்டரின் பின்பக்கம் செருகப்படும். ஆக சுவரிலுள்ள மற்ற சாக்கெட்டுகளுக்கு வேலையே இல்லை, மாஸ்டரிலிருந்து மொத்தமாகத் துண்டித்துவிடலாம். ஒரே ஒரு தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். ரூட்டரின் போன் துளையிலிருந்து பழைய வீட்டு வயருக்கு இணைப்புக் கொடுத்து எல்லாச் சாக்கெட்டையும் உயிர்ப்பிக்கலாம் என்று சிலர் செய்வார்கள். செய்யலாம்தான், ஆனால் வெளி லைனிலிருந்து அந்த வயரை முழுக்கக் கழற்றிய பிறகு. இல்லாவிட்டால் இரண்டு பக்க மின்சாரமும் மோதி ரூட்டர் போய்விடும்.

எங்கள் வீட்டுக்குப் போன வருடம் ஃபைபர் வந்தது. ஜன்னலோரம் புதுத் துளை போட்டு, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கயிறு போல இழுத்து, வெள்ளைப் பெட்டி ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஐந்து சாக்கெட்டும் அப்படியே சுவரில் இருக்கின்றன. கழற்றி ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் அந்த வெள்ளை வயர் போகும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப கழட்டாதேங்கோ தம்பி" என்றார். "பெயின்ற் அடிக்கேக்க பாப்பம்."